நடக்காத பாதி

காட்டுப் பாதையில் காலையில் முதலில் நடப்பவரின் முகத்தில்தான் சிலந்தி வலை ஒட்டும். பின்னால் வருபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நீங்கள் மலைக்குப் போகிறவர் இல்லை என்று உங்கள் ஷூவைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் சொல்கிறேன்.

காப்பிக்கு நன்றி. சர்க்கரை போதும்.

என் பெயர் கிளாடெட் பூஷார். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். ஒரு நிறுத்தத்தைக்கூடத் தாண்டிப் போனதில்லை. பிள்ளை வராது என்று தெரிந்த நாளிலும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, மூடிவிட்டுத்தான் கிளம்புவேன். என் தோழி மாவிஸ் அதே பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்தாள். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடினால் எங்கள் இருவருக்குமே வேலை இல்லை. அதனால்தான் இந்தக் கோடையில் நெடும்பாதையை நடந்து முடிப்பது என்று தீர்மானித்தோம்.

மாசசூசெட்ஸ் எல்லையில் தொடங்கி, வெர்மான்ட்டின் மலைமுதுகு மேலேயே போய், கானடா எல்லையில் முடிகிற பாதை. இளவட்டங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் போவார்கள். எங்கள் வயதில் பகுதி பகுதியாகத்தான் முடியும். பாதையை ஒரு சாலை வெட்டும் இடத்திலிருந்து அடுத்த சாலை வரை ஒரு பகுதி. மே கடைசியில் சேறு காய்ந்து பாதையைத் திறந்துவிட்டதும் தொடங்கினோம்.

சாவி மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். அது எளிது. நான் என் காரைத் தெற்கு முனையில் விட்டுவிட்டு வடக்கே நடப்பேன். அவள் தன் காரை வடக்கு முனையில் விட்டுவிட்டுத் தெற்கே நடப்பாள். நடுவில் ஒரு மரக்குடிலில் சந்திப்போம். சாப்பிடுவோம். சாவியை மாற்றிக்கொள்வோம். பிறகு அவள் என் காரை நோக்கி நடப்பாள், நான் அவள் காரை நோக்கி. சாயங்காலம் ஊருக்கு வெளியே கிரீமிக் கடையில் சேர்ந்துகொள்வோம். அவளுக்குப் பெரிய மேப்பிள் கிரீமி, எனக்குச் சின்னது. ஐஸ்கிரீமை முடித்துவிட்டு அவரவர் காரில் வீடு.

யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் தனிமை, நடுவில் கொஞ்சம் பேச்சு. நல்ல ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் செய்வதுதான்.

அவள் எப்போதும் எனக்கு முன்பே குடிலில் இருப்பாள். சாண்ட்விச்சைப் பிரித்து, வெள்ளரி ஊறுகாயை எடுத்து வைத்திருப்பாள்.

"வாடி மகாராணி. பஸ் ஓட்டியே காலு மறந்துபோச்சா?"

"உனக்கு இறக்கம், எனக்கு ஏத்தம்டி."

"ஆமாமா, மலை உனக்கு மட்டும் ஏறுது. சீக்கிரம் வாங்கிக்க, வரிசையில பின்னாடி ஆள் நிக்குது."

பின்னால் மரங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பள்ளியில் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

அவளுடைய சாவிக்கொத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குப்பி தொங்கும். சாப்பிட்டு முடித்ததும் அதைத் திருகித் திறந்து, ஒரு சின்ன மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வாள். ஒருமுறை கேட்டேன்.

"என்னடி அது?"

"வாயுவுக்கு. என் சமையலை நானே சாப்பிடுறேன்ல."

சாவிக்கொத்தை என்னிடம் தருவதற்கு முன் குப்பியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வாள். ஒவ்வொரு முறையும். அந்தக் குப்பி இப்போது உங்கள் மேஜை மேல் அந்தப் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வரிசையாகச் சொல்வதுதான் எனக்கு வரும்.

ஜூன் மாதம் முழுவதும் அவள் நடந்தாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கழுத்தெல்லாம் காட்டு ஈக்கள் கடித்த தடிப்பு. ஜூலையில் ஒருநாள், சாவி மாற்றிக்கொண்டு பிரிந்த பிறகு, குடிலிலிருந்து வடக்கே நடந்தேன். அன்று காலை அவள் நடந்துவந்த அதே பாதை. என் முகத்தில் வலை ஒட்டியது.

ஒன்று என்றால் விட்டுவிடலாம். சிலந்தி பகலிலும் கட்டும். ஆனால் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. சில வலைகளில் ஈக்கள் காய்ந்து கிடந்தன. மாவிஸ் என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் முகத்துக்குத் தப்பி என் முகத்துக்கு எதுவும் மிஞ்சாது. அவள் கார் வரைக்கும் வலைதான்.

சாயங்காலம் கிரீமிக் கடையில் கேட்டேன்.

"இன்னைக்கு வலை ஜாஸ்தியாடி?"

அவள் ஓரத்தில் வழிந்ததை நக்கிக்கொண்டே சொன்னாள். "ஐயோ, மூஞ்சி பூரா. எல்லாம் உனக்காகத்தான் அறுத்துக்கிட்டு வந்தேன். நன்றி சொல்லு."

நன்றி சொன்னேன்.

அடுத்த பகுதியிலும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த முறை, பிரிந்த பிறகு நான் வடக்கே போகவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவள் பின்னால் போனேன். நெடும்பாதையில் மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கும். கிளைப்பாதைகளில் நீலப் பட்டை. குடிலுக்குத் தெற்கே சற்று தூரத்தில் ஒரு நீலப் பட்டைப் பாதை கீழே மரம் ஏற்றும் மண்சாலைக்கு இறங்கும். மாவிஸ் அதில் திரும்பினாள். அந்தச் சாலையில் அவள் கணவன் வெண்டெலுடைய பச்சைப் பிக்கப் வண்டி நின்றது. அவன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான்.

காலையில் இருவரும் இரண்டு வண்டியில் வடக்கு முனைக்குப் போய், அவள் காரை அங்கே விட்டுவிட்டு, பிக்கப்பில் குடிலுக்குப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு மண்சாலைக்கு வருவார்கள். அவள் குறுக்கு வழியில் ஏறிக் குடிலில் உட்கார்ந்திருப்பாள். மதியம் அதே வழியில் இறங்குவாள். அவன் அவளை என் கார் நிற்கும் இடத்தில் இறக்கிவிடுவான். அவ்வளவுதான்.

நான் இலைகளுக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"இன்னும் எத்தனை வாரத்துக்கு இந்தக் கூத்து? டாக்டர் என்ன சொன்னாரு, நீ என்ன பண்ற?"

"ஏறாதேன்னாரு. நான் எங்க ஏறுறேன்? இது சின்னப் பிள்ளை ஏறுற மேடு."

"அவகிட்ட சொல்லித் தொலையேன் மாவிஸ்."

"சொன்னா அன்னைக்கே நிறுத்திருவா. ரோலண்ட் போனதுலேருந்து அவ வீட்டைவிட்டு வெளிய வந்தாளா? இப்பத்தான் மனுஷியா சிரிக்கிறா. முடியட்டும்ங்க. இன்னும் கொஞ்சம்தான்."

"அவ முடிப்பா. அதுக்குள்ள நீ முடிஞ்சிருவ."

"வாயைக் கழுவுங்க. வண்டியை எடுங்க, கிரீமி உருகிடும்."

இருவரும் சிரித்தார்கள். ரோலண்ட் இறந்துபோன என் கணவர். நான் திரும்ப மேலே ஏறி, குடிலைத் தாண்டி, அவள் கார் வரை நடந்தேன். வலைகள் இருந்தன.

ஆம், டாக்டர் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. மறைக்கவில்லை. டாக்டர்கள் எல்லோரிடமும் ஏறாதே என்றுதான் சொல்கிறார்கள். என் முழங்காலைப் பார்த்தும் சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் உங்கள் முகம் மாறியது. எவ்வளவு நல்லவள் என்று நினைக்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் இப்படியும் பாருங்கள். ஒரு பெண் காலையில் எழுந்து, எனக்காக முட்டையை வேகவைத்து, புருஷனோடு பிக்கப்பில் வந்து, நடந்து களைத்தவள்போல் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்ததும் கேலி பேசுகிறாள். நான் தோழி என்று நினைத்து உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு நோயாளியாக உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கு மட்டும் தெரியாது.

கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை. பஸ்ஸில் பிள்ளைகள் காகிதத்தை எறிந்தாலும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

பிரச்சினை வேறு. பாதையை முழுவதும் நடந்து முடித்தவர்களுக்குத் துணியில் நெய்த ஒரு சின்ன முத்திரை தருவார்கள். யாரும் சோதிப்பதில்லை. நான் நடந்தேன் என்று நாம் சொல்ல வேண்டும், அதுதான் சான்று. அதற்கு மதிப்பு இருப்பதே அதனால்தான். கானடா எல்லையில் சாலை கிடையாது. அதனால் கடைசிப் பகுதியில் சாவி மாற்ற வழியில்லை, இருவரும் சேர்ந்துதான் போயாக வேண்டும். அவளே சொன்னாள்.

"எல்லைக் கல்லுல ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். படம் எடுத்து கிச்சன்ல மாட்டணும்டி. அன்னைக்கு மெதுவா போவோம், என்ன? பொழுதுக்கும் போவோம்."

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவளோடு என்னால் நிற்க முடியாது. அங்கே வந்து சேராத ஒருத்தியோடு எப்படி நிற்பது? அதனால் அதற்கு முந்தைய பகுதியையாவது அவள் நடக்க வேண்டும் என்று விரும்பினேன். பாதியையாவது. என் நோக்கம் அவ்வளவுதான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வசந்தகாலங்களில் பாதையைப் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு போவேன். பட்டை அடிப்பது, விழுந்த மரத்தை அறுப்பது, தேவையில்லாத பாதையை மூடுவது எல்லாம் தெரியும். பாதையை மூடுவது என்றால் வேலி போடுவது அல்ல. மரத்தில் இருக்கும் பட்டை மேல் மரத்தோலின் நிறத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும். காய்ந்த கிளைகளை இழுத்து வந்து, அறுத்த முனை தெரியாமல், தானாக விழுந்ததுபோல் போட வேண்டும். மேலே சருகைத் தூவ வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நேற்று அந்த வழியில் போனவருக்குக்கூட அடையாளம் தெரியாது. நான் ஒழுங்காகச் செய்பவள்.

கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போன அன்று காலை மூடுபனி. பிறகு புழுக்கம். தெற்கிலிருந்து ஏறி வந்து, அந்தப் பகுதியில் குடிலுக்குச் சற்றுத் தெற்கே, வரைபடத்தில் பார்த்து வைத்திருந்த கிளைப்பாதை பிரியும் இடத்தை அடைந்தேன். ஈரமண்ணில் மாவிஸின் காலடி மேல்நோக்கி இருந்தது. அவள் வந்துவிட்டாள், குடிலில் இருக்கிறாள் என்று பொருள். பையிலிருந்து தூரிகையை எடுத்தேன். பிரியும் இடத்திலும், கீழே இறங்கும் வழியில் கொஞ்ச தூரம் வரையிலும் நீலப் பட்டைகளை மறைத்தேன். கிளைகளை இழுத்துப் போட்டேன். அம்புக்குறி போட்ட பலகையைக் கழற்றிச் சருகுக்கு அடியில் வைத்தேன். உடைக்கவில்லை. நீங்கள் தேடினால் கிடைக்கும்.

ஒரு வெள்ளைப் பட்டையைக்கூட நான் தொடவில்லை. நெடும்பாதை தெளிவாக இருந்தது. அவள் கையில் என் கார்ச்சாவி இருக்கும். அவள் செய்ய வேண்டியதெல்லாம் நடப்பதுதான். அவள் நடந்ததாகச் சொன்ன பாதையில் நடப்பது.

குடிலுக்குத் தாமதமாகப் போனேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? நாயை விட்டுத் தேடலாம்னு இருந்தேன்."

"வழியில மரம் கிடந்துச்சு."

"அதை நீதான் தூக்கணுமா? லீவுல கூட இவளுக்கு ஒரு டியூட்டி. உக்காரு, மூஞ்சியைப் பாரு, வெந்த பீட்ரூட் மாதிரி."

அவள் முகம்தான் வெளுத்திருந்தது. புழுக்கம் என்றாள். பாதி சாண்ட்விச்சை எனக்கே கொடுத்துவிட்டாள். அடிக்கடி கீழே பார்த்தாள். வெண்டெல் காத்திருப்பான் என்ற அவசரம். குப்பியைத் திறந்து மாத்திரையை வைத்துக்கொண்டாள், திருகி மூடினாள், எழுந்தாள்.

"பிடிடி," என்று சாவிக்கொத்தைத் தூக்கிப்போட்டாள். "இன்னைக்கு எனக்கு ரெண்டு கிரீமி. நீதான் வாங்கித் தர்ற, லேட்டா வந்ததுக்கு."

நான் என் சாவியைக் கொடுத்தேன். அவள் தெற்கே போனாள். நான் வடக்கே போவதுபோல் போனேன்.

அவள் கார் இருந்த இடத்துக்கு நான் வந்து சேர ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்கிறீர்கள். அவள் பின்னால் போனதால்தான். அவள் நடக்கிறாளா என்று பார்க்க வேண்டாமா?

பிரியும் இடத்தில் அவள் முன்னும் பின்னும் நடந்தாள். கிளைகளை உற்றுப் பார்த்தாள். அவள் கைபட்ட மரத்தில் என் பெயின்ட் இன்னும் காய்ந்திருக்காது. விரலைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "என்னங்க" என்று கீழே பார்த்து இரண்டு மூன்று முறை கூப்பிட்டாள். மண்சாலை தொலைவு, கேட்டிருக்காது. போனை எடுத்துப் பார்த்தாள். அந்த மலையில் சிக்னல் கிடையாது. பிறகு சாவியைப் பார்த்தாள். வெள்ளைப் பட்டையைப் பார்த்தாள். தெற்கே நடக்கத் தொடங்கினாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கோடையிலேயே எனக்கு மிக மகிழ்ச்சியான நேரம் அதுதான். நாங்கள் இருவரும் ஒரே பாதையில் நடந்துகொண்டிருந்தோம்.

அவள் நன்றாக நடந்தாள். ஏற்றத்தில் மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டாள். பாறைப்படிகளில் கையை ஊன்றி ஏறினாள். மேட்டின் மேல் வந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனாள். பொத்தான் போடாமல் இருந்தது. இன்னொரு பையைத் தடவினாள். முதுகுப்பையை முழுவதும் தரையில் கொட்டினாள். அப்புறம் அசையாமல் இருந்தாள். எங்கே இருக்கிறது என்று அப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கிளாடெட்!" என்று கூப்பிட்டாள்.

வடக்கே பார்த்துக் கூப்பிட்டாள். நான் இருக்க வேண்டிய திசையில். நான் அவளுக்கு வெகு அருகில், ஸ்புரூஸ் மரங்களுக்குள் நின்றிருந்தேன். அதாவது, அந்த நேரத்திலும் நான் சொன்னபடி நடந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் அவள் நம்பினாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவள் மறுபடி கூப்பிட்டாள். பிறகு பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தாள். தூக்கம் வந்தவள்போல்.

சாவிக்கொத்து என் உள்ளங்கையில் இருந்தது. குப்பி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. வடக்கே போகும்போது பையில் குலுங்கியதால்தான் அதைக் கவனித்தேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். குடிலில் அவள் தூக்கிப்போட்டு நான் பிடித்தபோதே தெரியும். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் கழற்றுவாள் என்று சொன்னேன் அல்லவா. "மாவிஸ், இதை மறந்துட்டியே" என்று சொல்ல வாயெடுத்தேன். வாயுவுக்கான மாத்திரைதானே என்று விட்டுவிட்டேன். அவள் சொன்னதை நம்பினேன். யாராவது ஒருவர் நம்ப வேண்டுமே.

ஸ்புரூஸ் மரங்களுக்குள்ளிருந்து நான் ஏன் வெளியே வரவில்லை என்று மறுபடி கேட்கிறீர்கள். வந்திருந்தால் நான் பின்தொடர்ந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கும். கோடை முழுவதும் அவள் அவ்வளவு பாடுபட்டு மறைத்தது வீணாகியிருக்கும். நாளைக்கு எப்படி என் முகத்தைப் பார்ப்பாள்? அவளுக்கு அந்த வெட்கத்தைக் கொடுக்க நான் விரும்பவில்லை.

மூச்சு இருந்தது. தோள் ஏறி இறங்குவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. அது நிற்கும் வரை அங்கேயே இருந்தேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்ததாக வெண்டெல் சொல்வது தவறு.

அவன் அந்நேரம் கீழிருந்து ஏறி வந்து, நான் போட்ட கிளைகளுக்கு நடுவில் வழி தெரியாமல் திரிந்துகொண்டிருந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவனுக்கு வழிகாட்ட நான் அங்கே இல்லை. நான் திரும்பிவிட்டேன். என் பங்குக்கு வடக்குப் பாதி இன்னும் பாக்கி இருந்தது. அதை நடக்காமல் அந்தப் பகுதியை முடித்ததாக நான் சொல்ல முடியாது.

இப்போது ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் தெற்குப் பாதியில் கொஞ்ச தூரமாவது உண்மையாக நடந்தாள். அதை நான் பார்த்தேன், சாட்சி சொல்ல முடியும். அந்த முத்திரை கொடுப்பவர்களிடமும் சொல்வேன். ஆனால் வடக்குப் பாதியில் ஒரு வலைகூட அறுபடவில்லை. பனி ஈரம் காயாமல் ஒவ்வொன்றும் மரத்துக்கு மரம் கட்டியபடி இருந்தது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்திருக்கலாம். நீட்டவில்லை. எல்லாவற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டுதான் நடந்தேன்.

அவள் காரை ஓட்டிக்கொண்டு கிரீமிக் கடைக்குப் போனேன். அங்கேதான் சந்திப்பதாக ஏற்பாடு. பெரியது இரண்டு, சின்னது ஒன்று கேட்டேன். ஜன்னலில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு ஆன்ட்டி, அழுதீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, சிலந்தி வலை," என்றேன். "என் சிநேகிதி முன்னாடி போனா. அவ அறுக்காம விட்டுட்டா."

மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, உருகி முழங்கை வரை வழியும் வரை, அவளுக்காகக் காத்திருந்தேன்.